கோழியின் மேல் போட்ட பழி

2018 தை மாதம். நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா முடிந்த மறுநாள், பங்காளிகளுக்குக் கறி விருந்து வைத்தார்கள். இலையில் சோறு விழுந்து, கோழி வறுவல் வாளி வந்தது. என் மூத்த பிள்ளையின் இலை முன்னால் பரிமாறுகிற பையன் குனிந்தபோது, நாத்தனார் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார். "இந்த இலைக்கு வேண்டாம்" என்றார். பிறகு என் பிள்ளையின் தலையைத் தடவி, "ஊசி போட்ட கோழியைத் தின்றுதானே சாமி இப்படி ஆகிவிட்டாய், இனியாவது வாயைக் கட்டு" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, பரிவோடுதான் சொன்னார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த பந்தியில் பேச்சு நின்றுபோயிற்று. பிள்ளை ரசம் கேட்டு வாங்கி, இரண்டு கவளம் உண்டு, இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள்.

நான் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டியவள் நான்தான். பல்லடத்துக்குப் பக்கத்தில் 5,000 பிராய்லர் கோழிகள் வளர்க்கிற பண்ணை எங்களுடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பொழுதில் பாதி அந்தக் கொட்டகையில்தான் போகிறது. கோழியின் உடம்புக்குள் என்ன போகிறது, என்ன போவதில்லை என்பது அந்தப் பந்தியில் இருந்த வேறு எவரையும்விட எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஹார்மோன் ஊசி போட்டு வளர்த்த பிராய்லர் கோழியைத் தின்றால் ஆண் பிள்ளைக்குப் பெண்மை வந்துவிடும் என்ற ஊர்ப்பேச்சை நானும் நம்ப விரும்பினேன், அதுதான் காரணம்.

பிறந்தபோது ஆண் குழந்தை என்று சொல்லிக் கையில் கொடுத்தார்கள். 2017இல் பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரம், தீவன மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் என்னை உட்காரவைத்து, தான் பெண் என்றும், நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றும் சொன்னாள். இதை எழுதும்போது சிறு வயதுக் கதைக்கும் சேர்த்து 'அவள்' என்றே எழுதுகிறேன். அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது அது.

அவள் சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: "பள்ளிக்கூட வாசலில் என்ன வாங்கித் தின்றாய்?" இத்தனை வருடம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை ஒரு பிள்ளை எடுத்து முன்னால் வைக்கிறது, பெற்றவள் தின்பண்டத்தைப் பற்றிக் கேட்கிறாள். அவள் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த இடத்தில் சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. "சொன்னாயே, அது போதும். எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆகும். நீ என் பிள்ளை" என்று சொன்னால் போதும். புரிந்த பிறகுதான் அணைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இது எனக்கு நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. அதுவரை அவளைத் 'தம்பி' என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இதை எடு", "அதை வை" என்று பேச்சு சுருங்கிவிட்டது.

உறவுக்குள் செய்தி கசிந்ததும், எல்லாரும் என் வயிற்றை நோக்கித்தான் விரலை நீட்டினார்கள். கருவுற்றிருந்தபோது நான் என்ன தின்றேன், கொட்டகையில் மருந்து வாடையை மூக்கில் வாங்கினேனா, பிள்ளைக்கு எத்தனை வயதில் கோழி கொடுத்தேன், பாக்கெட் பால் கொடுத்தேனா, வாரத்துக்கு எத்தனை முறை மீல் மேக்கர் சமைத்தேன். கணவர் வீட்டார் கேட்டார்கள், என் பிறந்த வீட்டாரும் கேட்டார்கள். ஒரு பிள்ளையிடம் வித்தியாசமாக ஏதாவது தென்பட்டால் தாய் போட்ட சோற்றில்தான் குற்றம் தேடுகிறார்கள். நான் அதை எதிர்த்துப் பேசவில்லை. குற்றம் சோற்றில் இருந்தால், சோற்றை மாற்றிச் சரி செய்துவிடலாமே என்ற ஆசை எனக்குள் இருந்தது.

மாற்றினேன். கோழி, முட்டை, மீல் மேக்கர், கடைப் பால் எல்லாவற்றையும் நிறுத்தினேன். முருங்கைப் பூவைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தேன். அமுக்கரா சூரணம், ஜாதிக்காய், யாரோ சொன்ன ஒரு லேகியம். உளுந்தங்களி பெண் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று சொல்லி மாமியார் அதையும் நிறுத்தச் சொன்னார். அவளுக்கு அது மிகவும் பிடிக்கும். எட்டு மாதத்தில் 54 கிலோ இருந்த பிள்ளை 46 கிலோவுக்கு வந்தாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9க்கு இறங்கியிருந்தது. நெஞ்சில் இருந்தது துளியும் மாறவில்லை. மாறியதெல்லாம் உடம்பில் இருந்த சதையும் ரத்தமும்தான்.

அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிடக் கொடுமை. உறவினர் ஒருவர் கைகாட்டிய ஒரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆண் ஹார்மோன் குறைவு, ஏற்றினால் சரியாகிவிடும் என்றார். ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒன்று என்று நான்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசிகள் போட்டார். முகமெல்லாம் பரு கிளம்பியது, தாடி அடர்ந்தது. "ஒவ்வொரு ஊசிக்கும் என் முகம் என்னைவிட்டுத் தள்ளிப் போகிறது அம்மா" என்று ஒரு நாள் இரவு சொன்னாள். ஐந்தாவது ஊசிக்குப் போக வேண்டிய நாளில் அவள் வீட்டில் இல்லை. ஒரு பையும் சான்றிதழ்களும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். அவளைச் சேர்த்துக்கொண்டு சோறு போட்டவர்கள் திருநங்கைகள்.

கணினிக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங்கைப் பற்றிப் பிற்பாடுதான் படித்தேன். அவர் ஆண்களை நேசித்தவர். அது அன்றைக்கு இங்கிலாந்தில் குற்றம். 1952இல் தண்டித்தபோது, சிறைக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் பெண் ஹார்மோன் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஒரு வருடம் ஏற்றினார்கள். அவருக்கு மார்பு வளர்ந்தது, ஆனால் அவர் யாரை நேசித்தார் என்பது மாறவில்லை. 1954இல் இறந்துபோனார். அவருடைய நிலை வேறு, என் மகளுடைய நிலை வேறு. இருந்தாலும் இரண்டு பேருடைய உடம்பிலும் நேரடியாக, மருந்தின் அளவிலேயே ஹார்மோனை ஏற்றிப் பார்த்தாயிற்று. ஊசியால் ஆகாத ஒன்றை, குழம்பில் கிடக்கும் இரண்டு துண்டுக் கோழி செய்துவிடும் என்று நான் எப்படி நம்பினேன்?

அவள் போன பிறகு வந்த முதல் குஞ்சு இறக்கத்தின்போதுதான் இதை உட்கார்ந்து யோசித்தேன். பண்ணைக் கணக்கை இங்கே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் புரளி அங்கேயிருந்துதான் கிளம்புகிறது.

எங்களுடையது ஒப்பந்தப் பண்ணை. நிறுவனம் ஒரு நாள் குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் இறக்கும். கொட்டகை, தண்ணீர், உழைப்பு எங்களுடையது. வந்து இறங்கும்போது குஞ்சு 40 கிராம் சொச்சம் இருக்கும். ஆறு வாரத்தில் ஏறக்குறைய 2 கிலோ வந்துவிடும், அதற்கு மூன்று கிலோவுக்கு மேல் தீவனம் தின்றிருக்கும். தீவனம் என்பது பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். பொரிப்பகத்தில் சில சமயம் கழுத்தில் தடுப்பூசி போட்டு அனுப்புவார்கள். இங்கே வந்த பிறகு முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு, இரண்டாவது வாரத்தில் கம்போரோ நோய்க்குக் குடிநீரில் கலந்து ஒரு மருந்து. ஊசி என்று ஊர் சொல்வது இந்த நோய்த் தடுப்பைத்தான்.

வளர்ச்சி ஹார்மோன் புரத வகையைச் சேர்ந்தது. தீவனத்தில் கலந்து கொடுத்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துப் போய்விடும். வேலை செய்ய வேண்டுமானால் ஊசியாகப் போட வேண்டும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். 5,000 கோழிகளை நாள்தோறும் பிடித்து ஊசி போட எத்தனை ஆள் வேண்டும்? அப்போது ஒரு கிலோவுக்கு எங்களுக்குக் கிடைத்த வளர்ப்புக் கூலி பத்து ரூபாய்க்கும் கீழே. கோழியைக் கையில் பிடித்தாலே அது மிரண்டு ஒரு வேளைத் தீவனம் தின்னாது. கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் இடிக்கிறது.

பிறகு எப்படி இத்தனை வேகமாக வளர்கிறது? தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்ததால். நல்ல விதைநெல் எடுத்து வைக்கிற வேலைதான், பெரிய அளவில். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி இனங்களை ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் 1957 இனம் 905 கிராம், 2005 இனம் 4.2 கிலோ. தீவனம் ஒன்று, நாள் ஒன்று, இனம் மட்டும் வேறு.

புரளிக்கு ஒரு பழைய வேர் இருப்பது உண்மை. அமெரிக்காவில் 1940களில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனைச் சேவல்களின் கழுத்தில் பதித்து வளர்த்தார்கள். 1959இல் அது கோழிகளுக்குக் கூடாது என்று நிறுத்தப்பட்டது. எங்கள் வட்டாரத்தில் ஒப்பந்தப் பண்ணைகள் பெருகியது 1990களில். பழைய கதை மட்டும் கடல் தாண்டி வந்து இங்கே தங்கிவிட்டது. என் நாத்தனார் மட்டும் சொன்னதில்லை இது. 2010 ஏப்ரலில் பொலிவியா நாட்டு அதிபர் ஈவோ மொராலெஸ், கோச்சபம்பா நகரில் நடந்த ஒரு பருவநிலை மாநாட்டு மேடையில், பெண் ஹார்மோன் ஏற்றிய கோழியைத் தின்பதால்தான் ஆண்கள் தடம் மாறுகிறார்கள் என்று பேசினார்.

கோழி விஷயத்தில் கவலைப்பட ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நோய்க்கிருமிக் கொல்லி மருந்துகளைத் தேவையில்லாமல் கொடுப்பதுதான் உண்மையான கவலை. கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போய்விட்டால் மனிதனுக்கு வரும் நோய்க்கும் மருந்து இருக்காது. அதனால்தான் கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019இல் இந்திய அரசு தடை செய்தது. கோழி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஹார்மோன் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பதில் இந்தக் கேள்வி அமுங்கிப் போகிறது.

மீல் மேக்கர் செய்யப் பயன்படும் சோயாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது, பெண் ஹார்மோனைப் போன்ற வடிவம், ஆனால் வலு மிகக் குறைவு. பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான கட்டுரை, சோயா உண்பதால் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறுவதில்லை என்றது. அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவருக்கு மார்பு வீங்கியது 2008இல் மருத்துவ இதழில் வந்தது. அவர் நாள்தோறும் கிட்டத்தட்ட 3 லிட்டர் சோயாப் பால் குடித்துவந்தவர். நிறுத்தியதும் சரியாகிவிட்டது.  வாரம் ஒரு முறை மீல் மேக்கர் குழம்பு வைக்கிற வீட்டில் அந்த வீக்கத்துக்குக்கூட வழியில்லை.

எனக்கு முழுத் தெளிவு வந்தது இன்னொரு யோசனையில். பெண் என்று வளர்க்கப்பட்டுத் தன்னை ஆண் என்று அறிந்து வாழும் திருநம்பிகளும் இருக்கிறார்களே. ஒரே கோழி ஒரு வீட்டில் பெண்மையையும் பக்கத்து வீட்டில் ஆண்மையையும் கொடுக்குமா? மரக்கறி தவிர வேறு எதுவும் தொடாத குடும்பங்களிலும் திருநங்கைகள் பிறக்கிறார்கள். நான் பி.ஏ. தமிழ் படித்தவள். தேர்வுக்காக நன்னூல் சூத்திரங்களை மனப்பாடம் செய்தவள். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவும் பேடு பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால் என்று பவணந்தி முனிவர் இலக்கணம் எழுதியது 13ஆம் நூற்றாண்டில். 'அவாவுவ' என்ற சொல்லைப் பாருங்கள். எதை விரும்புகிறார்களோ அந்தப் பால். இதை எழுதி மதிப்பெண் வாங்கியவள், சொந்தப் பிள்ளை வந்து நின்றபோது தின்பண்டத்தைத் தேடினேன்.

இத்தனை தெரிந்தும் மூன்று வருடம் நான் அவளைத் தேடிப் போகவில்லை. மாதம் ஒரு முறை அவள் பேசுவாள். சாப்பிட்டாயா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பாள். அவ்வளவுதான்.

2021 ஜூனில் ஊரடங்கு. நாளிதழில் ஒரு செய்தி வந்தது. பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு சொல்லியிருந்தார். பாலின அடையாளத்தையும் ஈர்ப்பையும் மருத்துவத்தால் மாற்றுகிறோம் என்று யாரும் கிளம்பக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. என்னை அசைத்தது தீர்ப்புக்கு முன்னால் அவர் செய்த காரியம். இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று ஒரு நீதிபதி கேட்க முடிகிறது. நான் என் பிள்ளையிடம் கேட்கவில்லை. ஜூலையில் பஸ் ஓடத் தொடங்கியதும் சென்னைக்குப் புறப்பட்டேன்.

ஒரே அறை, மூன்று பேர். எனக்காகக் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். தெருமுனைக் கடையில் வாங்கிய பிராய்லர். என் தட்டில் கால் துண்டை வைத்துவிட்டு, தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் இன்னொரு துண்டு எடுத்து அவள் தட்டில் வைத்தேன். இரண்டு பேரும் அழுதுகொண்டேதான் சாப்பிட்டோம்.

அலமாரியில் கருத்தடை மாத்திரை அட்டைகள் இருந்தன. பெண்மை கூடும் என்று யாரோ சொல்ல, நாளுக்கு மூன்று நான்கு என்று ஒன்றரை வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் உணவை வைத்து அவள் உடம்பில் சோதனை செய்தேன், வெளியே போய் அவளே மாத்திரையை வைத்துச் செய்துகொண்டாள். கேட்க ஆள் இல்லாத பிள்ளைகள் மருந்துக்கடையில் போய்த்தான் நிற்கிறார்கள். அந்த மாத்திரைகளில் இருக்கும் எத்தினில் எஸ்ட்ராடியோல் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன், நாளங்களில் ரத்தத்தை உறையவைத்து அடைப்பு உண்டாக்கும் ஆபத்து கூடியது. திருநங்கைகளுக்கான ஹார்மோன் சிகிச்சைக்கு அது கூடாது என்பது மருத்துவர்களின் முடிவு. புகைபிடித்தால் ஆபத்து இன்னும் ஏறும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அவள் தப்பித்தது எங்கள் அதிர்ஷ்டம்.

பிறகு ஹார்மோன் சிக்கல்களைப் பார்க்கும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் இருவரும் போனோம். உள்ளே போகும்போதே மருத்துவரிடம் கேட்க வேண்டியதைத் தீர்மானித்துக்கொண்டேன். இதை மாற்ற முடியுமா என்று கேட்கப் போவதில்லை, இவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்கப் போகிறேன் என்று. மாற்றித் தருகிறேன் என்று ஒரு மருத்துவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது, மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். எங்கள் மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுத்தார். அவளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்ட பழைய கதையைச் சொன்னேன். பெரும்பாலான திருநங்கைகளுக்குச் சிகிச்சைக்கு முன்னால் ஆண் ஹார்மோன் வழக்கமான அளவில்தான் இருக்கும், குறைவு என்று சொல்லி ஏற்றியதற்கு ஆதாரமே இல்லை என்றார்.

அவர் பொறுமையாகச் சொன்னவற்றில் பலருக்கும் பயன்படுவதை எழுதுகிறேன். சிகிச்சை தொடங்குமுன், பின்னாளில் குழந்தை வேண்டுமா என்று யோசித்து, வேண்டுமானால் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். மார்பு வளர்ச்சி மூன்று முதல் ஆறு மாதத்தில் தெரியத் தொடங்கும், நிறைவடைய இரண்டு மூன்று வருடம் ஆகும். மாத்திரையைக் கூட்டினால் வேகம் கூடாது, ஆபத்துதான் கூடும். ஏற்கெனவே உடைந்த குரல் பெண் ஹார்மோனால் மெலியாது, அதற்குக் குரல் பயிற்சி இருக்கிறது. முகத்து முடி முழுவதும் போகாது. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஹார்மோன் எடுத்துக்கொள்ளாமலே திருநங்கையாக வாழ்கிறவர்களும் உண்டு, அது அவரவர் விருப்பம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் விஷயத்தில் அவசரமே கூடாது, மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றார். பணம் இல்லையென்றால் அரசு மருத்துவமனைகளைத் தேடுங்கள். சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் திருநருக்கென்று தனிப்பிரிவுகள் உண்டு.

உணவைப் பற்றி அவர் ஒன்றே ஒன்றுதான் எச்சரித்தார். ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்த அவளுக்கு எழுதிய ஸ்பைரோனோலாக்டோன், ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். எங்கள் பக்கம் தென்னந்தோப்பு இல்லாத வழியே கிடையாது, வந்தவர்க்கெல்லாம் இளநீர்தான் வெட்டிக் கொடுப்போம். இளநீரில் பொட்டாசியம் நிறைய. நாளுக்கு இரண்டு மூன்று என்று குடிக்க வேண்டாம், பொட்டாசியம் அளவைச் சோதித்துக்கொண்டே இருங்கள் என்றார். இத்தனை பேர் கைநீட்டிய கோழிக்கும் முட்டைக்கும் அவர் தடை சொல்லவில்லை. ரத்தசோகை தீர முட்டை சாப்பிடச் சொன்னார். எந்த உணவுக்குப் பயப்பட வேண்டுமோ அதை வாயார வாழ்த்திக் கொடுத்திருப்போம், பயப்பட வேண்டாததைப் பறித்திருக்கிறோம்.

அந்த வருடத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாள். மாமியார் தவறியிருந்தார். நான் உளுந்தங்களி கிண்டினேன். கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய், நடுவில் குழி. பெண் பிள்ளை பெரியவளானால் தாய்வீட்டில் செய்வதுபோல் உருட்டி அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு வயது 21. எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 2022இல் திருநங்கை என்று ஆட்சியர் கொடுக்கும் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பித்தோம். அப்போது மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்கவில்லை, ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதுமாக இருந்தது.

பழைய பெயர் என் வாயில் இன்றும் எப்போதாவது வந்துவிடும். அப்போது நீண்ட மன்னிப்பு கேட்டு அவளை என்னைத் தேற்ற வைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். சரியான பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட வேண்டும்.

சென்ற வருடம் தம்பி மனைவி பதறிக்கொண்டு போன் செய்தாள். அவள் மகனுக்குப் பதின்மூன்று வயது. மார்பில் ஒரு பக்கம் கட்டி, தொட்டால் வலி. அவனும் அப்படி ஆகிவிடுவானோ அண்ணி, கோழியை நிறுத்திவிட்டேன் என்று அழுதாள். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு இப்போது தெரிந்திருந்தது. வயதுக்கு வரும் பையன்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இப்படி வரும், ஹார்மோன்கள் ஒரு நிலைக்கு வரும்வரை இருக்கும், பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் அடங்கிவிடும், எதற்கும் ஒரு மருத்துவரிடம் காட்டு என்றேன். உடம்பில் நடப்பது அது. தான் யார் என்று அவன் அறிவது வேறு. "ஒருவேளை அவனும் என் மகளைப்போல் வந்து சொன்னால், அதற்கும் கோழி காரணம் இல்லை. அன்றைக்கு அவன் தட்டில் கை வைக்காதே" என்று சொன்னேன். எட்டு மாதத்தில் கட்டி கரைந்துவிட்டது. பையனுக்குக் கோழி திரும்பக் கிடைத்தது.

உறவினர்கள் முன்னால் வாதாடிக் களைத்துப் போகாதீர்கள் என்று எனக்கு அடுத்துவரும் பெற்றோரிடம் சொல்வேன். ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது இது: "பண்ணை வைத்திருக்கிறவள் சொல்கிறேன், கோழியில் ஒன்றும் இல்லை. என் மகள் பிறவியிலேயே இப்படி. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவள் வருவாள்." அதற்கு மேல் கேட்பவர்களுக்கு மட்டும் உட்கார்ந்து விளக்குகிறேன். நாத்தனாரிடம் 5,000 கோழிக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். கோழியை விட்டுவிட்டார், இப்போது பாலுக்கு ஊசி போடுகிறார்களாமே என்கிறார். மாட்டுக்குப் பால் இறங்கப் போடும் ஆக்ஸிடோசின் பாலின ஹார்மோனே இல்லை, வாய்வழியாகப் போனால் வயிற்றில் சிதைந்துவிடும், அந்த ஊசி வேதனை மாட்டுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் போன பொங்கலுக்கு அவள் தட்டில் தன் கையால் வறுவல் எடுத்து வைத்தார்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவள் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கிய பிறகும் அவர் எதிரில் உட்கார்ந்து பேசமாட்டார். எதிர்க்கவும் மாட்டார். பஸ் ஏற்றிவிடப் போவார், பை தூக்குவார், வாயைத் திறக்கமாட்டார். நானும் அவரை நெருக்கவில்லை.

இந்த ஆனி மாதம் புதுக் குஞ்சு இறங்கி ஆறாவது நாள், கண் சொட்டு போட வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகுதான் போடுவோம். வேலைக்கு வர வேண்டிய இருவர் வரவில்லை. மகள் லீவில் வந்திருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். நான் பிடித்துக் கொடுக்க, அவள் ஒவ்வொரு குஞ்சாகத் தலையைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டு, அது கண்ணை மூடித் திறக்கும்வரை வைத்திருந்து கீழே விட்டாள். சிறு வயதில் அவர் சொல்லிக்கொடுத்த பக்குவம். அவர் அந்தக் கோடியில் தடுப்புத் தகடுகளை நகர்த்திக்கொண்டிருந்தார். குஞ்சுகள் ஒரு மூலையில் குவிந்து கத்தத் தொடங்கின, குளிர் பட்டுவிட்டது போலும்.

"அம்மணி, அந்த விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கு" என்றார்.

எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவோம். மகளின் கை ஒரு நொடி நின்றது. பிறகு கையிலிருந்த குஞ்சை இறக்கி விட்டுவிட்டு எழுந்து போய், கயிற்றைத் தளர்த்தி விளக்கை இரண்டு சாண் இறக்கினாள். "போதுமா அப்பா?" என்றாள். "போதும்" என்றார். குஞ்சுகள் விளக்குக்குக் கீழே பரவி அடங்கின. மீதி 2,000 குஞ்சுக்குச் சொட்டு போட்டு முடிக்க இரவு பதினொன்றாகிவிட்டது.